கடைசி நாளுக்கு முன்பே கிளம்புகிறவர்

லண்டனின் மேற்கே பிரெண்ட்ஃபோர்டில், கிரேட் வெஸ்ட் ரோட்டின் ஓரமாக 1928 இல் எழுந்தது ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை. அரை நூற்றாண்டு ஓடிய அந்த ஆலையை வரும் பிப்ரவரியோடு மூடப்போவதாக 1979 இன் இறுதியில் நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளி ஒருவர் பிப்ரவரி வரை காத்திருக்கவில்லை. வெளியே வேலை கிடைத்தது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆலை மூடுவதால்தான் போகிறோம், ஆகவே நம்மை நீக்கியதாகத்தான் கணக்கு என்று அவர் நம்பினார். வழக்கு தொழில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 1981 இல் வந்த தீர்ப்பு அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. ஆலை மூடப்படும் என்பது வருங்காலத்தைப் பற்றிய செய்தி. இன்னாரை இன்ன தேதியோடு வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்ற நோட்டீஸ் அல்ல. நோட்டீஸ் இல்லாததால் நீக்கமும் இல்லை; அவர் தாமாகவே விலகினார்.

பிரிட்டனில் ஆட்குறைப்புக்கு ஆளாகும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விக்கு இந்த வழக்கு ஒரு பாதிப் பதில். வேலை போகும் தேதி தெரிந்துவிட்டது. அதற்குள் நல்ல வேலை ஒன்று கையில் வந்துவிட்டது. புதிய இடம் காத்திருக்காது. இப்போதே விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடைக்குமா, போய்விடுமா? நியாயம் பார்த்தால், எந்த நாளில் கடிதம் கொடுத்தாலும் காரணம் ஒன்றுதானே என்று தோன்றும். சட்டமோ காரணத்தைப் பார்ப்பதில்லை, நாட்காட்டியைப் பார்க்கிறது.

இந்த இழப்பீடு எதற்காக வந்தது என்பதைப் பார்த்தால் முரண் இன்னும் துலங்கும். நிலக்கரி, ரயில்வே, பருத்தி ஆலை, கப்பல் கட்டுந்தளம் என்று பழைய தொழில்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த 1960களில், வளரும் தொழில்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளியை, கையில் ஒரு தொகை கொடுத்து, மனக்கசப்பில்லாமல் நகரவைக்க வேண்டும் என்று ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு கருதியது. 1965 இல் வந்தது ஆட்குறைப்பு இழப்பீட்டுச் சட்டம். நீண்ட நாள் உழைத்தவருக்குத் தன் வேலையில் சொத்துரிமை போன்ற ஓர் உரிமை சேர்கிறது, ஆண்டுகள் ஏற ஏற அதன் மதிப்பும் ஏறுகிறது என்று 1969 இல் ஒரு வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு விளக்கினார். வேலையில்லாத நாட்களை ஓட்டுவதற்கான உதவித்தொகை அல்ல இது; இழந்த உரிமைக்கான விலை. அதனால்தான் மறுநாளே வேறொரு நிறுவனத்தில் கூடுதல் சம்பளத்தில் சேர்ந்தாலும் பொதுவாக இந்தப் பணம் குறைவதில்லை.

தொகையைக் கணக்கிடும் முறை அன்று முதல் பெரிதும் மாறவில்லை. குறைந்தது இரண்டு ஆண்டு பணி இருக்க வேண்டும். 22 வயதுக்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 தொடங்கி ஒன்றரை வாரம். 20 ஆண்டுகளுக்கு மேல் கணக்கில் வராது. வாரச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 1965 இல் அது 40 பவுண்டு. உடலுழைப்புத் தொழிலாளியின் அன்றைய சராசரி வாரக் கூலியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 2025 ஏப்ரலில் அது 719 பவுண்டு. முழுநேர ஊழியர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் வாரச் சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் எவரும் சட்டப்படி பெறக்கூடிய அதிகபட்சத் தொகை 21,570 பவுண்டு.

ஆனால் இதைப் பெற ஒரு வாசல்தான் உண்டு: நிறுவனம் நீக்கியிருக்க வேண்டும். தொழிலாளி விலகியிருந்தால் ஒன்றும் இல்லை. நீக்கம் அறிவிக்கப்பட்ட பிறகு, அது நடந்து முடியும் முன் தொழிலாளி எழுதிக் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? 1965 இல் சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். அவர்கள் வைத்த ஏற்பாடு, இப்போது 1996 ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தில் 136 ஆம் பிரிவாக இருக்கிறது. நிறுவனம் நோட்டீஸ் கொடுத்த பின், 'கட்டாய நோட்டீஸ் காலம்' எனப்படும் கெடுவுக்குள், நிறுவனத்தின் நோட்டீஸ் முடியும் நாளுக்கு முந்தைய தேதி ஒன்றைக் குறித்துத் தொழிலாளி எழுத்து மூலம் எதிர் நோட்டீஸ் கொடுத்தால், அவர் நிறுவனத்தால் நீக்கப்பட்டவராகவே கருதப்படுவார்.

அந்தக் கெடு என்ன என்பதில்தான் பலருடைய பணம் கரைகிறது. நிறுவனம் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ குறைந்தபட்சம் எவ்வளவு நோட்டீஸ் தர வேண்டுமோ, அவ்வளவு காலம். சட்டப்படி என்றால், இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம், உச்சமாக 12 வாரம். நிறுவனம் இந்தக் குறைந்தபட்ச அளவே நோட்டீஸ் கொடுத்தால் சிக்கல் இல்லை; முழு நோட்டீஸ் காலமும் கெடுவுக்குள் அடங்கும். தாராள மனதோடு ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தால்தான் வம்பு. அப்போது கெடு என்பது பொதுவாக அதிகபட்சம் கடைசி 12 வாரம் மட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 45 வயது முடிந்தவர், 12 ஆண்டு பணி, வாரம் 800 பவுண்டு சம்பளம். 41 வயதுக்குப் பிந்தைய 4 ஆண்டுகளுக்கு 6 வாரம், மற்ற 8 ஆண்டுகளுக்கு 8 வாரம், ஆக 14 வாரம். உச்சவரம்பான 719 பவுண்டால் பெருக்கினால் 10,066 பவுண்டு. 2025 ஏப்ரல் 7 அன்று நிறுவனம் நோட்டீஸ் கொடுக்கிறது. கடைசி நாள் செப்டம்பர் 30. ஒப்பந்தத்திலும் 12 வாரத்துக்கு மேல் நோட்டீஸ் என்று எதுவும் இல்லை. செப்டம்பர் 30 இலிருந்து பின்னோக்கி 84 நாள் எண்ணினால் ஜூலை 9 வருகிறது. அவர் ஜூலை 1 அன்று எதிர் நோட்டீஸைக் கொடுத்தால், அது வெறும் ராஜினாமா. 10,066 பவுண்டும் போயிற்று. ஜூலை 10 அன்று அதே வாசகங்களோடு அதே கடிதத்தைக் கொடுத்தால், அவர் நீக்கப்பட்டவர். தொகைக்கு உரிமை உண்டு. கவனிக்க வேண்டியது, அவர் என்று வெளியேறுகிறார் என்பதல்ல. கடிதம் என்று கை மாறுகிறது என்பது. வாய் வார்த்தையாகச் சொன்னாலும் இந்தப் பிரிவு காப்பாற்றாது.

இதில் இன்னொரு சிறு இழப்பும் ஒளிந்திருக்கிறது. எதிர் நோட்டீஸ் கொடுத்தவரின் பணிக்காலம் அவருடைய கடிதம் முடியும் நாளோடு நின்றுவிடும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பணியாண்டு நிறைய வேண்டியவர் ஜூலையில் கிளம்பினால் அந்த ஆண்டு கணக்கில் ஏறாது. இரண்டு ஆண்டு என்ற குறைந்தபட்சத்தை இன்னும் எட்டாதவருக்கோ, சில வாரம் முந்திப் போவது மொத்தத் தொகையையும் பறித்துவிடும்.

நோட்டீஸே வருவதற்கு முன் கிளம்பியவர்களின் கதை இன்னும் கடுமையானது. ஃபயர்ஸ்டோன் தொழிலாளி தனி ஆள் அல்ல. 1960களின் நடுவில் மார்ட்டன் சண்டூர் என்ற துணி நிறுவனத்தில் வெல்வெட் பிரிவின் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். பிரிவு மூடப்படக்கூடும் என்று நிறுவனம் அவரிடம் முன்கூட்டியே சொன்னது. அவர் வேறு வேலை தேடிக்கொண்டு போனார். எந்தத் தேதியில் வேலை முடிகிறது என்று சொல்லப்படாதவரை, அல்லது சொன்னதிலிருந்து அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க முடியாதவரை, அது நோட்டீஸ் ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. எச்சரிக்கை வேறு, நோட்டீஸ் வேறு. இன்டர்நேஷனல் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் தன் ஆலை ஒன்று அடுத்த ஆண்டு மூடப்படும் என்று அறிவித்து, எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொழிலாளர்களிடம் சொன்னது. அந்த அறிவுரையை நம்பி விலகியவரும் 1981 இல் வெளியான தீர்ப்பில் தோற்றார்.

நீதிமன்றங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. எச்சரிக்கையையே நீக்கம் என்று எடுத்துக்கொண்டால், நிறுவனங்கள் எச்சரிப்பதையே நிறுத்திவிடும். மூடப்போகும் நாளுக்குச் சில வாரம் முன்னால்தான் வாய் திறக்கும். முன்கூட்டியே சொல்வது தொழிலாளிக்கு நல்லது. அதைச் சொன்ன நிறுவனத்துக்கு அபராதம் போல ஒன்று விழக்கூடாது. தர்க்கம் சரிதான். ஆனால் முன்கூட்டிச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு அதன்படி நடந்தவர் மட்டும் வெறுங்கையோடு போகிறார்.

கெடுவுக்குள் கடிதம் கொடுத்தவருக்கும் பணம் உறுதியில்லை. 142 ஆம் பிரிவு நிறுவனத்தின் கையில் ஒரு பிடியைக் கொடுக்கிறது. தொழிலாளியின் எதிர் நோட்டீஸ் முடியும் முன், அதைத் திரும்பப் பெற்று முதலில் குறித்த தேதி வரை வேலை செய்யுமாறும், மறுத்தால் இழப்பீட்டுப் பொறுப்பை எதிர்ப்போம் என்றும் நிறுவனம் எழுதிக் கொடுக்கலாம். அதையும் மீறிப் போனால் உரிமை விழுந்துவிடும். பின்னர் தொழில் தீர்ப்பாயத்தை நாடலாம். தீர்ப்பாயம் இரு பக்கக் காரணங்களையும் நிறுத்துப் பார்க்கும். ஊழியர் ஏன் போக நினைத்தார், நிறுவனம் ஏன் பிடித்து வைத்தது என்று விசாரித்து, நியாயம் என்று படும் அளவுக்கு முழுத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ வழங்கலாம். இழந்தால் திரும்பக் கிடைக்காத வேலை ஒன்றுக்காகப் போனவரையும், வெறுமனே சலித்துப்போய்க் கிளம்பியவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. கைவசம் உள்ள கடைசி ஆர்டரை முடிக்க அவர் இல்லாமல் முடியாது என்பதும், அறையில் சும்மா உட்காரவைத்திருந்தார்கள் என்பதும் ஒன்றாகாது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு உரிமை கோரப் பொதுவாக ஆறு மாத அவகாசம் உண்டு.

நடைமுறையில் பெரும்பாலோர் இந்தப் போர்க்களத்துக்கு வருவதே இல்லை. மேலாளரிடம் போய், "புதுசா ஒரு வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு வாரம் முன்னாடியே போகலாமா?" என்று கேட்கிறார்கள். நிறுவனத்துக்கும் இரண்டு வாரச் சம்பளம் மிச்சம், போய்வாருங்கள் என்கிறது. சிரித்தபடி கைகுலுக்கி முடியும் இந்தப் பேச்சு சட்டத்தின் கண்ணில் என்ன? இரு தரப்பும் சேர்ந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதா, அல்லது நிறுவனத்தின் நீக்கத் தேதி முன்னுக்கு நகர்ந்ததா? முதலாவது என்றால் நீக்கம் இல்லை, பணமும் இல்லை. இரண்டாவது என்றால் நீக்கம் அப்படியே நிற்கும்.

1973 இல் பௌட்டன் எஸ்டேட்ஸ் வழக்கில் இந்தக் கேள்வி சர் ஜான் டொனால்ட்சன் தலைமையிலான தேசியத் தொழிலுறவு நீதிமன்றத்தின் முன் வந்தது. நோட்டீஸில் இருந்த ஊழியர் புதிய வேலையில் சேர வேண்டி, குறித்த நாளுக்கு முன்பே போக அனுமதி கேட்டார், நிறுவனம் சம்மதித்தது. தேதிதான் மாறியது, நீக்கம் மாறவில்லை என்றது நீதிமன்றம். நோட்டீஸில் இருக்கும் ஒருவர், தனக்கு வரவேண்டிய பணத்தை அறிந்தே விட்டுக்கொடுத்து இணக்கமாகப் பிரிகிறார் என்று முடிவுகட்டுவது மிக அரிதாகவே பொருந்தும் என்பது அதன் பார்வை.

இதை நம்பி எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1988 இல் கோலைட் எரிபொருள் நிறுவன வழக்கில் ஆட்குறைப்பு நோட்டீஸில் இருந்தவர்கள், நோட்டீஸ் முடிவதற்குள், நிறுவனம் நீட்டிய முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்தை ஏற்றார்கள். அவர்கள் இணக்கமாகவே பிரிந்தார்கள், நீக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களின் வழக்கிலும் 1980களின் நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வழியில்தான் போயிருந்தது. ஆனால் 1970களின் நடுவில் பர்ட்டன் ஆல்ட்டன் அண்ட் ஜான்சன் வழக்கில், ஆட்குறைப்புக்குத் தானாக முன்வந்தவர்கூட நீக்கப்பட்டவர்தான் என்று தீர்ந்தது. 'என்னை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்வருவதும், 'நாம் பிரிவோம்' என்று கையெழுத்திடுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வேறுபடுத்துகிறது.

அதனால் விவரம் தெரிந்த தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் உறுப்பினரிடம் முதலில் சொல்வது, 'ராஜினாமா' என்ற சொல்லை எழுதாதே என்பதாகத்தான் இருக்கும். எழுத வேண்டியது வேறு: ஆட்குறைப்பால் என் வேலை முடியும் தேதியைச் செப்டம்பர் 30 இலிருந்து ஜூன் 20 க்கு முன்னுக்குக் கொண்டுவரச் சம்மதிக்கிறீர்களா, இழப்பீடு மாறாது என்பதை எழுத்தில் உறுதிசெய்கிறீர்களா? இதற்கு ஆம் என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்துவிட்டால், கெடு பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. ஜூன் 20 என்ற தேதி கடைசி 12 வாரத்துக்கு வெளியே இருந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் இங்கே தொழிலாளி எதிர் நோட்டீஸ் கொடுக்கவில்லை. நிறுவனம் தன் நோட்டீஸைத் திருத்திக்கொண்டது.

உள்ளாட்சி ஊழியர்களுக்கு இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் ஓர் ஆணைப்படி, ஒரு கவுன்சிலில் வேலை செய்த ஆண்டுகள் இன்னொரு கவுன்சிலுக்குப் போனாலும் தொடரும். அதற்கு விலையும் உண்டு. பழைய வேலை முடிவதற்குள் இன்னொரு உள்ளாட்சி அமைப்பிலிருந்து வேலை உத்தரவு வந்து, நான்கு வாரத்துக்குள் அங்கே சேர்ந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. இங்கே வெளியேறும் தேதியைவிட, புதிய இடத்தின் உத்தரவு எப்போது கைக்கு வருகிறது என்பது பெரிதாகிவிடுகிறது. 18 ஆண்டு சேவையை அப்படியே சுமந்துகொண்டு போவது நல்லதா, பணத்தை வாங்கிக்கொண்டு சேவைக் கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்குவது நல்லதா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

தனியார் துறையில், தொடர்பில்லாத வேறொரு நிறுவனத்துக்குப் போகிறவர் சேவைக் கணக்கைச் சுமக்கப் பொதுவாக வழி இல்லை. 18 ஆண்டு உழைத்தவர் புதிய நிறுவனத்தில் சேரும் முதல் நாள், புதிதாக வந்த இளைஞரோடு ஒரே படியில் நிற்கிறார். அங்கே முதல் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி ஆட்குறைப்பு வந்தால் சட்டப்படி ஒரு பவுண்டுகூடக் கிடையாது. பழைய இடத்தின் இழப்பீட்டை விட்டுவிட்டு முந்திப் போகிறவர் இரண்டு பக்கமும் காப்பில்லாமல் நிற்கிறார். நோட்டீஸ் தாளை மடியில் வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

பெரிய நிறுவனங்கள் தரும் தொகை பெரும்பாலும் சட்டம் சொல்வதைவிடக் கூடுதல். முழுச் சம்பளத்தின் அடிப்படையில், ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம், சில இடங்களில் ஒரு மாதம். இதில் முதல் 30,000 பவுண்டுக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் கூடுதல் தொகைக்கு 136 ஆம் பிரிவின் பாதுகாப்பு தானாக வராது. அது திட்டத்தின் வாசகங்களைப் பொறுத்தது. 'இறுதித் தேதி வரை பணியில் நீடிப்பவருக்கே' என்ற ஒரு வரி அங்கே இருந்தால், சட்டப்படியான தொகையைக் காப்பாற்றிக்கொண்ட எதிர் நோட்டீஸ் அதைவிடப் பெரிய தொகையை இழக்கச் செய்யலாம். அந்த வரி தற்செயலாக நுழைவதில்லை. மூடப்போகும் ஆலை கடைசி நாள் வரை ஓட வேண்டும். தேர்ந்த கைகள் முதலில் போய்விட்டால் ஓடாது. திறமை உள்ளவருக்குத்தான் வெளியே வேலை முதலில் கிடைக்கும் என்பது நிறுவனத்துக்கும் தெரியும்.

இந்த இழுபறி இப்போது நீண்டுகொண்டே போகிறது. ஸ்விண்டன் நகரின் கார் ஆலையை மூடப்போவதாக ஹோண்டா 2019 பிப்ரவரியில் அறிவித்தது. ஆலை நின்றது 2021 ஜூலை 30. இடையே சுமார் இரண்டரை ஆண்டு. பிரிட்ஜெண்டில் ஃபோர்டு தன் என்ஜின் ஆலையை மூடும் முடிவை 2019 ஜூனில் சொன்னது. 2020 செப்டம்பரில் மூடியது. போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் 2024 ஜனவரியில் நாடு முழுவதும் 2,800 வேலைகள் வரை போகும் என்று அறிவித்தது. கடைசி ஊதுலை அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று அணைந்தது. ஆலை மூடும் செய்தி ஓர் ஊரையே உலுக்கும் காலத்தில், முன்கூட்டிச் சொல்வது நிறுவனத்தின் கடமையாகவே பார்க்கப்படுகிறது. 100 பேரையோ அதற்கு மேலோ நீக்குவதாக இருந்தால் முதல் நீக்கத்துக்கு 45 நாள் முன்பே தொழிற்சங்கத்தோடு கலந்தாலோசனை தொடங்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் நடுவே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இடைவெளி. தொழிலாளிக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் சன்னலோ பெரும்பாலும் கடைசி 12 வாரத்துக்கு மேல் இல்லை.

1965 இல் இந்த அளவு பொருத்தமாக இருந்திருக்கலாம். 1963 ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்தச் சட்டப்படி அன்று உச்ச நோட்டீஸே நான்கு வாரம்தான்.  பின்னர் நோட்டீஸ் நீண்டது, அறிவிப்புகள் அதைவிட நீண்டன, சன்னல் மட்டும் குறைந்தபட்ச நோட்டீஸோடு கட்டிப்போடப்பட்டது. நோட்டீஸில் இருப்பவருக்கு வேலை தேடவும் பயிற்சி பெறவும் நியாயமான விடுப்பு உண்டு என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு சொல்கிறது. வாரச் சம்பளத்தில் 40 விழுக்காடு வரை அதற்குக் கூலியும் தர வேண்டும். தேட நேரம் கொடுக்கும் சட்டம், தேடியது சீக்கிரம் கிடைத்துவிட்டால் முகம் திருப்பிக்கொள்கிறது.

திருத்துவதற்கான மாதிரி அதே புத்தகத்தில் இருக்கிறது. அநியாய நீக்கத்தைப் பற்றிப் பேசும் 95 ஆம் பிரிவிலும் எதிர் நோட்டீஸ் வருகிறது. அங்கே நிறுவனத்தின் நோட்டீஸ் காலத்தில் எந்த நாளில் கொடுத்தாலும் போதும். கட்டாயக் கெடு இல்லை, எழுத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆக, ஏப்ரலில் நோட்டீஸ் வாங்கி ஜூலை 1 அன்று கடிதம் கொடுத்த நம் 45 வயதுக்காரர், ஒரே சட்டத்தின் 95 ஆம் பிரிவுப்படி நிறுவனத்தால் நீக்கப்பட்டவர். 136 ஆம் பிரிவுப்படி தானாக விலகியவர். அநியாயமாக நீக்கினார்கள் என்று வழக்குப் போட அவருக்கு வழி உண்டு. அந்த வேலைக்கான 10,066 பவுண்டைக் கேட்க வழி இல்லை. 136 ஆம் பிரிவிலிருந்து 'கட்டாயக் காலம்' என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால், நோட்டீஸ் வாங்கிய எவரும் முதல் நாளிலிருந்தே எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். உண்மையிலேயே ஆள் தேவைப்படும் நிறுவனத்துக்கு 142 ஆம் பிரிவின் தடை அப்போதும் கையில் இருக்கும். தகராறு வந்தால் தீர்ப்பாயம் நியாயம் பார்க்கும். நோட்டீஸ் வருவதற்கு முன்பே, வெறும் அறிவிப்பின் பேரில் கிளம்பியவர்களுக்கு மட்டும் இந்தத் திருத்தத்தாலும் விடிவில்லை. அவர்களுக்கு இன்றுபோலவே எழுத்தில் வாங்கிய சம்மதம் ஒன்றுதான் துணை.